கடல் தாண்டிய பெட்டியடி – 4: வாழைமர நோட்டு

சென்ற வாரம் 1929ஆம் ஆண்டில் நிறுத்தியிருந்தோம். சர் எம்.சிடி. முத்தையா செட்டியார் காலமாகிவிட்டார். எம்.சிடி.எம். என்ற தொழில் விலாசத்தின் சாவிக்கொத்து, இருபத்தொரு வயதைத் தொட்டுக்கொண்டிருந்த மகன் சிதம்பரத்தின் கைக்கு வந்துவிட்டது.

அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை நொறுங்கியது. செட்டிநாட்டுக்கும் நியூயார்க்குக்கும் என்ன தொடர்பு என்று அன்று யாரும் கேட்டிருக்க முடியாது. தொடர்பு வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. அமெரிக்காவில் மோட்டார் கார் வாங்குவோர் குறைந்தார்கள். கார் விழுந்தால் டயர் விழும். டயர் விழுந்தால் ரப்பர் விழும். ரப்பர் விழுந்தால் மலாயாவில், புக்கிட் பெலண்டோக் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் அடுப்பு எரியாது.

1925ல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் நான்கு ஷில்லிங்குக்கு மேல் போனது. 1932ல் அதே ஒரு ராத்தல் இரண்டு பென்ஸுக்கும் கீழே வந்தது. ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ் என்று வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழே ஆண்டில் ஒரு பொருளின் விலை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கினால், அந்தப் பொருளை நம்பி வாங்கிய கடன் என்ன ஆகும்? கொடுத்தவர் என்ன ஆவார்? சிதம்பரம் செட்டியார் பெட்டியடிக்கு, அதாவது கடையின் கணக்கு மேசைக்கு, வந்து உட்கார்ந்த நேரம் அப்படிப்பட்ட நேரம்.

தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு ஒரு செட்டிநாட்டு வங்கியாளரின் கதை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

நெகிரி செம்பிலானின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில், சிப்பாங் எல்லையை ஒட்டிக் கிடக்கிறது புக்கிட் பெலண்டோக். உலகம் இந்த ஊரின் பெயரை 1999ல் நிபா வைரஸ் செய்தியில்தான் கேட்டது. பக்கத்து சுங்கை நிபாவின் பெயரே நோய்க்குப் பெயராகிப் போனது. ஆனால் அதற்கு முன் முக்கால் நூற்றாண்டாக இந்த வட்டாரத்தில் ரப்பர்ப் பால் ஓடியது. அந்தப் பாலுக்குப் பின்னால் மூன்று விதமான பணம் இருந்தது. பெரிய தோட்டங்களில் லண்டன் பங்குதாரர்களின் பணம். அந்தத் தோட்டங்களுக்கு நடுவிலும் ஓரத்திலும் கிடந்த ஐம்பது ஏக்கர், நூறு ஏக்கர்த் தோட்டங்களிலும், கம்பத்து மலாய்க்காரர்களின் ஐந்து ஏக்கர்க் காட்டிலும், சீனர்களின் ஈயக் குட்டைகளிலும் சுழன்ற பணத்தில் பெரும்பங்கு செட்டியார் பணம். மூன்றாவது, கங்காணியும் தோட்டத்து மளிகைக் கடைக்காரரும் லயத்து மக்களுக்குக் கொடுத்த பற்றுப் பணம். அந்தக் கடைக்காரருக்குச் சரக்கு வாங்கக் கடன் கொடுத்தவர் பல நேரங்களில் பட்டணத்துச் செட்டியார்தான். 1920களின் கடைசியில் ஆணுக்கு ஒரு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சம்பளத்தன்று பற்றுப் போக மிஞ்சிய சில வெள்ளிகளைத் தபால் மணியார்டரில் ஊருக்கு அனுப்பினார்கள். இப்படி நம் பாட்டனும் பாட்டியும் வாழ்நாளெல்லாம் ஒரு பணச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நின்றார்கள். அந்தச் சங்கிலியின் மறுமுனையை யார் பிடித்திருந்தார்கள் என்று தெரியாமல் தோட்ட வரலாறு எழுதுவது பாதிக் கதை எழுதுவதுதான். நம் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அந்தப் பாதியோடு நின்றுவிட்டன என்பது என் வருத்தம்.

இனி 1930.

செட்டியார் தொழில் எப்படி நடந்தது? முதலாளி ஊரில் இருப்பார். கடல் தாண்டிய கடையை நடத்துவது ஏஜென்டு. மூன்று ஆண்டு ஒரு கணக்கு. கணக்கு முடிந்ததும் ஏஜென்டு ஊர் திரும்பிவிட வேண்டும். அடுத்தவர் வந்து பொறுப்பேற்பார். அவருக்குக் கீழே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், ஒரு சமையலாள். பினாங்கிலும் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் நீண்ட கிட்டங்கி ஒன்றுக்குள் பல விலாசங்கள். ஒவ்வொரு விலாசத்துக்கும் ஓர் இரும்புப் பெட்டி, ஒரு சாய்வு மேசை. தரையில் உட்கார்ந்தபடி கோடிக்கணக்கில் வரவு செலவு செய்தார்கள். ஒருவருக்குப் பணம் தட்டினால் பக்கத்து விலாசக்காரர் கைமாற்று கொடுப்பார். நடப்பு வட்டியைத் தண்டாயுதபாணி கோயிலில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். எழுதாத ஒப்பந்தமும் அங்கே செல்லும். சொந்தம், கோயில், நகரத்தார் என்ற செட்டியார் சமூக அடையாளம் ஆகிய மூன்றும்தான் ஜாமீன்.

இந்த ஏற்பாட்டின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். எல்லாரும் ஒரே சமூகம். எல்லாரும் ஒரே தொழில். எல்லாரும் ஒரே பயிரை அடமானமாகப் பிடித்தவர்கள். பயிர் விழுந்தால் எல்லாரும் ஒரே நாளில் விழுவார்கள். பக்கத்துப் பெட்டியும் காலியாக இருக்கும்போது யார் யாருக்குக் கைமாற்று கொடுப்பது?

பர்மாவில் அது கண்முன்னே நடந்தது. நகரத்தாரின் முதலீட்டில் மிகப் பெரும் பகுதி அங்கேதான் இருந்தது. 1930ல் அது ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று பர்மாவின் வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. நெல் விலை சரிந்தது. விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. அசலை நினைக்கவே முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் செட்டியார் கைக்கு வந்தது. 1930ல் தென்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஆறு சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937க்குள் அது இருபத்தைந்து சதவீதத்தை எட்டியது. நான்கில் ஒரு ஏக்கர்!

இது வெற்றிக் கணக்கு அல்ல. நெல் விளைந்தும் விலையில்லாத நிலத்தை வைத்துக்கொண்டு செட்டியாரும் தவித்தார். ஆனால் நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் தவிப்பு அதைவிடப் பெரிது. தலைமுறை தலைமுறையாக உழுத மண்ணில் அவர் குத்தகைக்காரராக நின்றார். அந்தக் கோபம் அரசியலாகி, நகரத்தார் மட்டுமின்றி அங்கே மூட்டை சுமந்த ஏழை இந்தியர்களின் தலையிலும் விடிந்தது. இதை நாம் மறைக்கக் கூடாது. நம்மவர் கதை என்பதற்காக நிலம் இழந்தவனின் கதையை விட்டுவிட்டால் அது வரலாறு ஆகாது.

மலாயா அரசு அந்த நெருப்பை முன்கூட்டியே பார்த்தது. இங்கே நிலத்துக்குக் கெரான் என்ற பதிவு பெற்ற உரிமைப் பத்திரம் இருந்ததால் அடமானம் எளிது, பறிபோவதும் எளிது. கடனுக்காகச் சிறு தோட்டங்கள் ஏலத்துக்கு வருவதைக் கட்டுப்படுத்தி 1931ல் கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் ஒரு சட்டம் வந்தது. 1933ல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இறுக்கப்பட்டு, அந்த நிலங்களை மலாய்க்காரர் அல்லாதவரிடம் அடகு வைப்பதற்கும் கதவு சாத்தப்பட்டது. நெகிரி செம்பிலானில் இது சிறிய விஷயம் அல்ல. பெண்வழியில் குலச்சொத்தாக நிலம் இறங்கும் அடாட் பெர்ப்பாத்தே வழக்கம் உள்ள மாநிலம் இது. அங்கே நிலம் கைமாறினால் ஒரு குலமே ஆட்டம் காணும்.

லயத்தில் என்ன நடந்தது? கூலியை 40 காசுக்கும் 32 காசுக்கும் குறைத்தார்கள். பிறகு அதுவும் இல்லை. 1930 தொடங்கி மூன்றே ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வரும்போது கொண்டுவந்த தகரப் பெட்டியோடுதான் அவர்களில் பலர் நாகப்பட்டினத்தில் இறங்கினார்கள்.

இந்தச் சரிவுகளின் நடுவில் நின்று, இருபதுகளின் நடுவில் இருந்த ஒரு இளைஞர் எடுத்த முடிவுதான் இந்தத் தொடர் எழுதக் காரணம்.

சிதம்பரம் செட்டியாருக்குத் திறந்திருந்த வழிகள் மூன்று. முதலாவது, அப்பா நடத்தியபடியே நடத்துவது. இரண்டாவது, கிடைத்ததைத் திரட்டிக்கொண்டு ஊர் திரும்பி, இன்னொரு ஆயிரம் ஜன்னல் வீடு கட்டி உட்கார்ந்துவிடுவது. பலர் அதைச் செய்தார்கள். மூன்றாவது, தொழிலையே மாற்றுவது. குடும்பத்தின் கையில் ஏற்கெனவே யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி இருந்தது. முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் சிறிது சிறிதாகப் பணம் திரட்டி, அதைப் பொறுப்பாக வைத்திருந்து, சொன்ன நாளில் திருப்பிக் கொடுக்கும் தொழில் அது. கிட்டங்கியில் முகம் தெரிந்தவரின் பணம்தான் புழங்கும். இந்த வேறுபாட்டை அவர் நன்றாகப் படித்துக்கொண்டார் என்றே அடுத்து அவர் செய்ததைப் பார்த்தால் சொல்லத் தோன்றுகிறது.

நகரத்தாருக்கு வங்கி புதிதல்ல. 1906ல் சென்னையில் அர்பத்நாட் என்ற ஆங்கிலேயக் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு மூழ்கியபோது, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியில் 1907ல் இந்தியன் வங்கி பிறந்தது. அதில் நகரத்தார் முதல் இருந்தது. ஆனால் கடல் கடந்த வணிகத்தின் கழுத்து வேறு கையில் இருந்தது. ரூபாயை டாலராக்குவதும், டாலரைப் பவுனாக்குவதும், ஏற்றுமதி உண்டியலை வாங்குவதும் ஆங்கிலேய எக்ஸ்சேஞ்ச் வங்கிகளின் கோட்டை. ஹாங்காங் ஷாங்காய், சார்ட்டர்ட், மெர்க்கன்டைல் என்ற பெயர்களைப் பினாங்குத் துறைமுகத்தில் கேட்காதவர் இல்லை. நல்ல காலத்தில் அந்த வங்கிகள் செட்டியாருக்குக் கடன் கொடுக்கும். கெட்ட காலத்தில் முதலில் கையை இழுத்துக்கொள்ளும். 1930களின் பொருளாதார மந்தத்தில் அதைத்தான் செய்தன.

1937 பிப்ரவரி 10. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியது. ஒரே நாளில் மூன்று ஊர்களில் கதவு திறந்தது: காரைக்குடி, சென்னை, ரங்கூன். அந்நியச் செலாவணியும் வெளிநாட்டு வங்கித் தொழிலுமே நோக்கம் என்று பெயரிலேயே எழுதி வைத்தார்கள். நிறுவனருக்கு வயது இருபத்தெட்டு.

அந்தத் தேதியைச் சற்று உற்றுப் பாருங்கள். அதே ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி பர்மா இந்தியாவில் இருந்து பிரிக்கப்பட்டுத் தனிக் காலனி ஆனது. அன்றுவரை ஒரே ஆட்சியின் இரண்டு ஊர்களாக இருந்த சென்னையும் ரங்கூனும் இரண்டு நாடுகளின் ஊர்களாயின. அதற்கு ஏழே வாரம் முன்பு இரண்டு கரையிலும் ஒரே வங்கியின் பலகை ஏறிவிட்டது. கரைகள் பிரியப் போகின்றன, பணத்துக்குப் பாலம் வேண்டும் என்று கணித்த தொழிலறிவு இது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

அடுத்து மலாயா. பினாங்கில் கிளை, அதன்பின் கோலாலம்பூர், சிங்கப்பூர். கிட்டங்கியில் இருந்த இரும்புப் பெட்டி இப்போது கவுன்டருக்குப் பின்னால் போனது. தரையில் உட்கார்ந்து கணக்கெழுதிய தொழில் நாற்காலியில் ஏறியது. இது வெறும் தோற்ற மாற்றம் அல்ல. கிட்டங்கியில் உங்கள் விலாசம் என்ன என்று பார்ப்பார்கள். வங்கியில் உங்கள் கையெழுத்து என்ன என்று பார்ப்பார்கள். விலாசம் இல்லாதவனும் கணக்குத் தொடங்கலாம் என்ற நிலை தமிழர் பணத்தொழிலில் ஒரு பெரிய திருப்பம்.

அதே நூற்றாண்டில் அமெரிக்காவில் ஒருவர் இதே பாதையில் நடந்தார். அமடியோ ஜியானினி. இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளை. சான் பிரான்சிஸ்கோவில் 1904ல் அவர் தொடங்கிய வங்கிக்குப் பெயர் பேங்க் ஆஃப் இத்தாலி. பிறகு அதுவே பேங்க் ஆஃப் அமெரிக்கா ஆனது. பெரிய வங்கிகள் உள்ளே விடாத காய்கறி வியாபாரியையும் மீனவரையும் தேடிப் போய்க் கணக்குத் தொடங்க வைத்தவர் அவர். 1906 நிலநடுக்கத்தில் ஊரே எரிந்தபோது, துறைமுகத்தில் பீப்பாய்களின் மேல் பலகையைப் போட்டு அதையே கவுன்டராக்கிக் கடன் கொடுத்தார். இரண்டு பேருமே புலம்பெயர்ந்தவர்களின் பணத்துக்கு வீடு கட்டியவர்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அதை நெகிரி செம்பிலான் மண்ணில் இருந்து எழுதுகிற நான் சொல்லாமல் விட முடியாது. ஜியானினி கூலிக்காரனின் வாசலுக்குப் போனார். சிதம்பரம் செட்டியாரின் வங்கி முதலில் வணிகரின் வாசலுக்குத்தான் வந்தது. கோலாலம்பூர்க் கிளைக்கும் புக்கிட் பெலண்டோக் லயத்துக்கும் நடுவில் இருந்த தூரம் மைல் கணக்கு அல்ல. நாள் கூலிக்காரர் வேலை நாளில் பட்டணம் போக முடியாது. போனாலும் படிவத்தைப் படிக்க முடியாது. தோட்டத்து மக்கள் ஒரு நிதி நிறுவனத்தைத் தங்களுடையது என்று சொல்ல 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக நடந்து, பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பியபோதுதான் அது நடந்தது. அது தனிக் கதை. இந்தத் தொடரின் பின் பகுதியில் விரிவாக வரும்.

வங்கிக்கு ஒன்றரை வயதுகூட நிரம்பவில்லை. 1938 ஜூன்.

தென்னிந்தியாவின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்றான திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி கதவை மூடியது. இரண்டு வங்கிகள் இணைந்து உருவாகி ஓராண்டு கழிவதற்குள் முடிந்துபோன கதை அது. நேற்றுவரை பாறைபோல் நின்ற பெயர் இன்று இல்லை என்றதும், தெற்கே எந்தச் சிறு வங்கியின் மீதும் மக்களுக்கு நம்பிக்கை இல்லாமல் போயிற்று. புது வங்கிக்கு இதைவிடக் கொடிய சோதனை கிடையாது. வங்கியில் பணம் போட்டவர்கள் எல்லாரும் ஒரே காலையில் வந்து நின்றால் உலகத்தின் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது. அவர்கள் வராமல் இருப்பதுதான் வங்கி. காரைக்குடியிலும் ரங்கூனிலும் பினாங்கிலும் கதவுகள் திறந்தே இருந்தன. சிதம்பரம் செட்டியாரின் வங்கி 1938ஐத் தாண்டியது.

அந்த ஜூன் மாதமே இன்னொரு கதவும் மூடியது. மலாயாத் தோட்டங்களுக்கு உதவிக் கட்டணத்தில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் பிடித்து வந்த காலம் முடிந்தது. இனி இங்கே இருப்பவர்கள்தான் தோட்டத் தமிழர்.

தாண்டியாயிற்று, இனி மூச்சு விடலாம் என்று நினைத்த நேரத்தில் 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் கரை இறங்கினார்கள். மூன்றே நாளில் பினாங்கு மீது குண்டு விழுந்தது. வெள்ளைக்காரர்கள் இரவோடு இரவாகத் தங்கள் குடும்பங்களோடு தீவைவிட்டுக் கிளம்பினார்கள். ஊர் மக்களிடம் சொல்லவில்லை. 1942 ஜனவரி 11ல் கோலாலம்பூர் விழுந்தது. அடுத்த சில நாளில் சிரம்பானும் போர்ட்டிக்சனும். பிப்ரவரி 15ல் சிங்கப்பூர். மார்ச் 8ல் ரங்கூன். வங்கி எந்த இரண்டு கரைகளுக்குப் பாலம் போட்டதோ, அவற்றில் ஒரு கரை முழுவதும் ஆறே மாதத்துக்குள் எதிரியின் கையில். பர்மாவில் இருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் தாண்டி நடந்தார்கள். எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்தார்கள்.

நம் வட்டாரத்துக்கு அந்த மூன்றரை ஆண்டுகள் என்ன செய்தன என்பதை மூத்தவர்கள் இருக்கும் வீடுகளில் இன்றும் கேட்கலாம். மரவள்ளிக்கிழங்கு, சாக்கு உடை, சயாம் மரண ரயில். தண்டவாளம் போடுவதற்கு என்று தோட்டங்களில் இருந்து ஆண்களை லாரியில் ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்களுக்குப் பேரேடு வைத்தவர் யாரும் இல்லை. வெள்ளியையும் காசையும் தொலைத்தவர்களின் கணக்கை அரசுகள் பின்னாளில் எழுதின. உயிரைத் தொலைத்தவர்களின் கணக்கு இன்றுவரை சரியாக எழுதப்படவில்லை.

இப்போது தலைப்புக்கு வருவோம். ஜப்பானியர் தங்கள் நோட்டை அச்சிட்டுப் புழக்கத்தில் விட்டார்கள். பத்து டாலர் நோட்டில் குலையோடு ஒரு வாழைமரம். மக்கள் அதை வாழைமர நோட்டு என்றே சொன்னார்கள். தொடக்கத்தில் அது பழைய மலாயா வெள்ளிக்குச் சமம் என்று உத்தரவு. பிறகு இஷ்டத்துக்கு அச்சிட்டார்கள். 1944ல் அரிசி வாங்கப் பை நிறைய நோட்டு வேண்டியிருந்தது.

இங்கேதான் செட்டியாரின் பெட்டியடிக்கு அதுவரை யாரும் கண்டிராத ஓர் ஆபத்து வந்தது. கடன் வாங்கியவர் கட்டாமல் ஓடுவது ஆபத்து என்று தெரியும். கடன் வாங்கியவர் பணத்தோடு வந்து நின்று, இந்தாருங்கள் அசலும் வட்டியும், கெரானைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்வது ஆபத்தாகும் என்று யாருக்குத் தெரியும்? 1939ல் நல்ல வெள்ளியில் ஐயாயிரம் வாங்கியவர், 1944ல் வாழைமர நோட்டில் ஐயாயிரம் கொண்டுவந்து வைத்தார். அந்த நோட்டுக்கு அன்றைய சந்தையில் பழைய வெள்ளியின் மதிப்பில் ஒரு சிறு பகுதிகூட வராது. வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஜப்பானிய நோட்டை மறுப்பது ஜப்பானை மறுப்பது. ராணுவப் போலீஸ் கெம்பெய்த்தாய் என்ற பெயரைக் கேட்டாலே ஊர் நடுங்கிய காலம். வாங்கிக்கொண்டு கெரானைக் கொடுத்தார்கள். இரும்புப் பெட்டி காகிதத்தால் நிரம்பியது.

1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் முதலில் செய்தவற்றில் ஒன்று, வாழைமர நோட்டு செல்லாது என்று அறிவித்தது. தோட்டத்தில் சம்பள நோட்டைச் சேர்த்து வைத்திருந்தவரின் கையிலும் காகிதம். கிட்டங்கியில் அடமானத்தை விட்டுக் கொடுத்தவரின் பெட்டியிலும் காகிதம். வாழ்க்கையில் ஒருபோதும் ஒரே வரிசையில் நிற்காத அந்த இரண்டு பேரையும் போர் ஒரே வரிசையில் நிறுத்தியது.

கட்டிய கடன் கட்டியதுதானா, இல்லையா? இந்த ஒரு கேள்வி மூன்று ஆண்டு மலாயாவை ஆட்டியது. கடைசியில் 1948ல் ஆக்கிரமிப்புக் காலக் கடன்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. நோட்டின் மதிப்பு சரிந்துபோன காலத்தில் கட்டிய தொகைகளை, அன்றைய மதிப்புக்கு ஏற்பக் குறைத்துக் கணக்கிட ஒரு அட்டவணை போட்டார்கள். நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தன. என் கருத்தைக் கேட்டால், அந்தச் சட்டம் முழு நியாயம் செய்யவில்லை. அந்தக் குழப்பத்தில் எந்தச் சட்டத்தாலும் செய்திருக்கவும் முடியாது. அதே 1948ல் விடுதலை பெற்ற பர்மா, நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. தென்பர்மாவின் அந்த இருபத்தைந்து சதவீதம் நகரத்தார் கையைவிட்டுப் போகும் பாதை தொடங்கியது.

இனி எண்ணிப் பாருங்கள். பர்மா போயிற்று. மலாயாவில் பாதிப் பெட்டி காகிதம். பத்தே வயதான ஒரு வங்கி, அதன் வெளிநாட்டுக் கிளைகளை வைத்தே பெயர் பெற்ற வங்கி, என்ன ஆகியிருக்க வேண்டும்?

1947ல் இந்தியா விடுதலை பெற்றபோது இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு உள்நாட்டில் 38 கிளைகள், வெளிநாட்டில் 7 கிளைகள். வைப்புத்தொகை 6 கோடியே 64 லட்சம் ரூபாய். கொடுத்திருந்த கடன் 3 கோடியே 23 லட்சம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால் அவரது வெற்றியின் ரகசியம் புரியும். கிட்டங்கிக்காரர் கையில் இருந்ததை முழுவதும் வட்டிக்கு விடுவார். பெட்டியில் பணம் தூங்கக் கூடாது என்பது அவர் வேதம். இந்த வங்கியோ மக்கள் போட்ட ஒவ்வொரு இரண்டு ரூபாயிலும் ஏறத்தாழ ஒரு ரூபாயைத்தான் கடனாகக் கொடுத்தது. பர்மாவும் வாழைமர நோட்டும் கற்றுக் கொடுத்த பாடம் அந்தக் கணக்கில் தெரிகிறது.

போருக்குப் பின் கொழும்பிலும் பாங்காக்கிலும் கிளைகள் வந்தன. மலாயாக் கிளைகள் மீண்டும் இயங்கின. சிதம்பரம் செட்டியார் தொழிற்சாலைப் பக்கமும் திரும்பினார். பெரும்பாவூரில் திருவாங்கூர் ரேயான்ஸ் எழுந்தது, செயற்கைப் பட்டு நூலை இந்தியாவில் முதலில் தயாரித்த ஆலை அது. சென்னை மவுண்ட் ரோட்டில், யுனைடெட் இந்தியாவுக்காக நாடே அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் ஒரு கட்டடம் எழுப்பவும் திட்டம் தயாரானது. வயது நாற்பத்தைந்து. கடன், மந்தம், வங்கி முறிவு, உலகப்போர் என்று எல்லாவற்றையும் தாண்டிய மனிதர்.

1954 மார்ச் 13, சனிக்கிழமை. சிட்னியில் இருந்து லண்டன் போகும் பி.ஓ.ஏ.சி. கம்பெனியின் கான்ஸ்டலேஷன் விமானம், ஜகார்த்தாவில் இருந்து புறப்பட்டுச் சிங்கப்பூரை நெருங்கிக்கொண்டிருந்தது. விமானி 21 மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து பணியில் இருந்தவர். காலாங் விமான நிலையத்தின் ஓடுபாதை கடலோரத்தில் தொடங்கியது. ஓரத்தில் ஒரு தடுப்புச் சுவர். பயணிகளில் ஒருவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்.

விமானம் தாழ்வாக வந்தது. மிகத் தாழ்வாக வந்தது. சக்கரம் தடுப்புச் சுவரில் இடித்தது.

அதில் 40 பேர் இருந்தார்கள். உயிரோடு வெளியே வந்தவர்கள் 7 பேர். அந்த ஏழு பேரில் சிதம்பரம் செட்டியார் இருந்தாரா என்பதையும், 1973ல் மலேசியா கொண்டுவந்த ஒரு சட்டம் அவர் இங்கே திறந்த கிளைகளை என்ன செய்தது என்பதையும் அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் உங்கள் வீட்டில் பழைய வங்கிப் புத்தகம், உண்டியல் சீட்டு, வாழைமர நோட்டு எது இருந்தாலும் பெரியவர்களிடம் கேட்டு, யாருடையது, எந்தத் தோட்டத்தில் வந்தது என்று எழுதி வையுங்கள்.

(தொடரும்)